சொக்கப்பனை ஒளியில் காரைக்கால்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த பண்டைத் தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்ப் பருவம் என்றனர். கார் முடிந்து பனி தொடங்குமுன் உள்ள ஈரமான இடைக்காலம் அது. காவிரியின் கடைமடையில் அமைந்த காரைக்காலில் கூதிரின் முழு உருவத்தையும் காணலாம். வடகிழக்குப் பருவமழை அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் கலங்கல் நீராக ஓடிக் கடலில் சேரும். சம்பா வயல்களில் பயிர் பச்சை பிடித்து நிற்கும். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருள் இறங்கிவிடும். அந்த ஈரத்துக்கும் இருளுக்கும் நடுவே, கார்த்திகைப் பௌர்ணமி மாலையில், கோயில் வாசலில் ஒரு பனை மரத்தின் உயரத்துக்குத் தீ எழும். அதுவே சொக்கப்பனை.

காரைக்கால் அளவில் சிறிய நிலப்பகுதி. சுமார் நூற்று அறுபது சதுர கிலோமீட்டர்தான். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு பகுதியாக இருந்தாலும், மூன்று புறமும் தமிழகம் சூழ, நான்காம் புறம் வங்கக் கடல் தழுவ நிற்கிறது. எல்லைக் கோடு வரைபடத்தில் மட்டுமே உண்டு. கார்த்திகை விளக்கு அதை அறியாது. நாகப்பட்டினம் பக்கத்துச் சிற்றூரிலும் காரைக்கால் பக்கத்துச் சிற்றூரிலும் ஒரே மாலையில் ஒரே விதமாக அகல் ஏற்றப்படுகிறது.

இந்தச் சிறு பரப்பில் பாடல் பெற்ற தலங்கள் நான்கு உள்ளன. சனி பகவான் சந்நிதியால் நாடறிந்த திருநள்ளாறு. பங்குனியில் கதிரவன் ஒளி கருவறையைத் தொடும் திருத்தெளிச்சேரி. யாழில் அடங்காத பதிகத்தைத் திருஞானசம்பந்தர் பாடியருளிய தருமபுரம். இறைவன் வேடனாக எழுந்தருளிய கடலோரத் திருவேட்டக்குடி. இவற்றோடு, பேயுருவை விரும்பி வேண்டிப் பெற்ற புனிதவதியார் பிறந்த பதியும் இதுவே.

நெருப்போடு உறவுள்ள மண்

காரைக்கால் என்றதும் அடியவர் நெஞ்சில் தோன்றுவது மாங்கனி. ஆனித் திங்களில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவை அறியாதார் இல்லை. ஆயினும், இம்மண்ணின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால், கனியைப் போலவே நெருப்பும் இங்கே மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம்.

முதலாவது, அம்மையார் கண்ட நெருப்பு. கயிலைக்குத் தலையால் நடந்து சென்ற புனிதவதியார், இறைவனின் ஆடலைக் காண வேண்டித் திருவாலங்காட்டுக்கு வந்தார். அங்கே அவர் கண்டது ஈமத் தீயும் அதன் நடுவே ஆடும் இறைவனும். நூற்றொரு வெண்பாக்களால் ஆன அற்புதத் திருவந்தாதியின் நிறைவுப் பகுதியில் அம்மையார் இறைவனிடம் ஒரு வினா எழுப்புகிறார். தீயை ஏந்தியதால் திருக்கை சிவந்ததா, அல்லது திருக்கையின் செம்மை ஏறியதால் தீ சிவந்ததா என்பது அந்த வினாவின் பொருள். அஞ்ச வேண்டிய நெருப்பை, அழகு எது என்று கேட்கத்தக்க பொருளாக்கியது அந்தத் தாயின் பக்தி.

இரண்டாவது, திருநள்ளாற்றுப் பதிகம் கடந்த நெருப்பு. மதுரையில் சமண முனிவர்களோடு நிகழ்ந்த வாதில், தத்தம் கொள்கையை ஏட்டில் எழுதித் தீயில் இடுவது என்று முடிவாயிற்று. திருஞானசம்பந்தர் தம் பதிகச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்க, வந்தது திருநள்ளாற்றுப் பதிகம். அந்த ஏடு தீயில் இடப்பட்டும் கருகாமல் பசுமையாகவே இருந்தது என்கிறது பெரியபுராணம். ‘பச்சைப் பதிகம்’ என்று அது இன்றும் போற்றப்படுகிறது. தீயில் இறங்கி மீண்ட அந்த ஏடு பனையோலை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கவி காளமேகம் அமர்ந்த நெருப்பு. காரைக்காலுக்குத் தெற்கேயுள்ள திருமலைராயன்பட்டினத்தில், திருமலைராயன் அவையில், எரியும் குழிக்கு மேலே தொங்கும் இருக்கையில் அமர்ந்து எமகண்டம் பாடி அவர் வென்றார் என்பது செவிவழி வரலாறு. கேட்கப்படும் பொருளுக்கெல்லாம் உடனுக்குடன் செய்யுள் சொல்ல வேண்டும். தவறினால் கீழே நெருப்பு. தமிழை நம்பி ஒருவர் தீயின்மேல் அமர்ந்த ஊர் அது.

அம்மையாருக்குத் தீ இறைவன் ஏந்திய அழகு. சம்பந்தருக்கு அது மெய்ம்மைக்குச் சான்று. காளமேகத்துக்கு அது புலமைக்கு உரைகல். இத்தகைய மண்ணில் கார்த்திகைத் தீ ஆழமாக வேர் கொண்டிருப்பதில் வியப்பில்லை.

விளக்கீடு: ஒரு பழைய வழக்கம்

கார்த்திகை விளக்கு தமிழர் விழாக்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அகநானூற்றில் நக்கீரர் பாடிய செய்யுள் ஒன்று, மழை ஓய்ந்து வானம் தெளிந்த நள்ளிரவில், நிறைமதி அறுமீனோடு கூடும் நாளில் தெருக்களில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டுப் பழைய ஊர் கொண்டாடிய விழாவைக் காட்டுகிறது. அறுமீன் என்பது கார்த்திகை விண்மீன் கூட்டம். நற்றிணையிலும் இந்த விளக்குகள் உவமையாக வருகின்றன. கார் நாற்பதில், மழைக்குப் பின் மலர்ந்த தோன்றிப் பூக்கள் கார்த்திகையன்று பலரும் ஏற்றிய விளக்குகளைப் போலத் தோன்றுகின்றன. ஒரு பூவை விளக்குக்கு ஒப்பிட வேண்டுமானால் அந்த விளக்கை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அவ்வளவு பரவலாக இருந்தது அந்த வழக்கம்.

பின்வந்த பக்தி இலக்கியம் இந்த ஊர் விழாவைக் கோயில் விழாவாகக் காட்டுகிறது. மயிலாப்பூரில் பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் நிறைந்த குடத்தின் முன் நின்று சம்பந்தர் பாடிய பதிகத்தில், ஆண்டு முழுதும் நிகழும் திருவிழாக்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றைக் காணாமலே போவாயோ என்று அப்பெண்ணை அழைக்கிறார். அந்த வரிசையில் கார்த்திகை விளக்கீடும் ஒன்று. நெருப்பில் வெந்த ஒரு மகளை மீட்டெடுக்க, நெருப்பின் விழாவையே எடுத்துச் சொன்னார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

விளக்குத் தொண்டால் நாயன்மார் வரிசையில் இடம்பெற்றோரும் உண்டு. திருவாரூரில் நெய் கிடைக்காதபோது குளத்து நீரையே அகலில் வார்த்து விளக்கெரித்தார் நமிநந்தியடிகள். தில்லையில் கணம்புல்லை எரித்து, அது போதாதபோது தம் தலைமுடியையே திரியாக்கினார் கணம்புல்ல நாயனார். அவருடைய குருபூசை கார்த்திகை மாதக் கிருத்திகை நாளிலேயே அமைகிறது. திருக்கார்த்திகையன்று விளக்கேற்றும் ஒவ்வோர் இல்லமும், அறிந்தோ அறியாமலோ, அவரையும் வணங்குகிறது.

சோழர் காலத்தில் இந்தப் பக்தி நிலையான அறக்கட்டளையாக மாறியது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமெனில் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடையாக அளிப்பது வழக்கம். அவற்றைப் பெற்ற ஆயர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவிட வேண்டும். மூத்தவை கழிந்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை நிறைவதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. முதல் அழியாமல் அதன் விளைவைக் கொண்டே அறம் நடக்க வேண்டும் என்ற கணக்கு அது. இன்றைய நிரந்தர வைப்பு நிதியின் தத்துவத்தைச் சோழ நாட்டு ஆயர்கள் ஆட்டுப் பட்டியில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

பனைமரமே தூணாக

திருக்கார்த்திகையன்று அதிகாலையில் பரணி தீபம் ஏற்றப்படுவதும், மாலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஒளிர்வதும் திருவண்ணாமலையின் சிறப்பு. மலை இல்லாத சமவெளி மக்கள் என்ன செய்வது? காவிரிச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலும் நீரும்தான். அங்கே வானளாவ நிற்பவை இரண்டே: கோபுரமும் பனையும். அந்தப் பனையையே அண்ணாமலையாக்கிக் கொண்டனர் சமவெளி மக்கள்.

கோயிலுக்கு எதிரே திறந்த வெளியில் பனையின் அடிமரத் துண்டு நடப்படுகிறது. அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளை மட்டையோடு அடுக்கடுக்காகக் கட்டி, கூம்பு வடிவில் உயர்த்துகிறார்கள். மாலையில் கருவறையில் அபிஷேக ஆராதனை நிறைவுற்றதும், உற்சவ மூர்த்திகள் அலங்காரத்துடன் எழுந்தருளிப் பனையின் முன் நிற்பர். அதற்கு முறைப்படி பூசை செய்து, சந்நிதியிலிருந்து கொண்டுவந்த சுடரால் தீ மூட்டப்படும். ஓலை சடசடவென்று வெடிக்க, பொறிகள் நட்சத்திரங்களைப் போல மேலெழ, சில நிமிடங்களில் பனை முழுதும் தழல் தூணாகும். ‘அரோகரா’ என்ற முழக்கம் ஓலையின் ஓசையையும் மிஞ்சும்.

காரைக்கால் கைலாசநாதர் கோயிலிலும் திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலிலும், சுற்றியுள்ள சிற்றூர்ச் சிவாலயங்களிலும், முருகன் கோயில்களிலும், அம்மன் கோயில்களிலும் இந்தக் காட்சியைக் காணலாம். பெருமாள் கோயில்களுக்கும் இது உரியதே. பஞ்சாங்கம் சர்வாலய தீபம் என்றும் விஷ்ணுவாலய தீபம் என்றும் தனித்தனியே நாள் குறித்திருக்கும்; வைணவ ஆலயங்களில் பெரும்பாலும் ரோகிணி கூடும் நாளில் தீபம் ஏற்றுவர். ஆகவே சில ஆண்டுகளில் அடுத்தடுத்த இரு மாலைகளிலும் ஊரில் சொக்கப்பனை எரியும்.

சொக்கப்பனை என்ற பெயருக்கு அறிஞரும் பொதுமக்களும் பல விளக்கம் கூறுவர். சொக்கன் என்பது சிவபெருமானின் திருநாமம்; சொக்கனுக்குரிய பனை என்பது ஒரு விளக்கம். சொர்க்கப்பனை என்பதன் திரிபு என்பர் வேறு சிலர். இதன் உட்பொருளாக இரு புராணங்கள் சொல்லப்படுகின்றன. அயனும் மாலும் அடிமுடி தேட, இறைவன் சோதித் தூணாக நின்றது ஒன்று. மூன்று கோட்டைகளையும் சிரித்தே எரித்த திரிபுர தகனம் மற்றொன்று. பனையின் நேரான உயரம் முன்னதற்கும், ஓலைக்கூடு எரிந்து வீழ்வது பின்னதற்கும் பொருந்தி நிற்கிறது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம் எரிவதே முப்புரம் எரிவது என்பது சைவப் பெரியோர் கூறும் கருத்து.

தீ அடங்கியபின் வேறொரு காட்சி தொடங்கும். எரிந்து மீந்த மட்டைகளையும் கரியையும் எடுக்க ஊரார் சூழ்வர். சாம்பலை நெற்றியில் இடுவோர் உண்டு. கரிந்த மட்டையைக் கொண்டுபோய் வயலில் ஊன்றுவோர் உண்டு. பயிருக்குக் காப்பு என்பது உழவர் நம்பிக்கை. சம்பாப் பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தீ ஈர்த்து அழிக்கும் என்று இதற்குக் காரணம் கூறுவாரும் உளர். காரணம் எதுவாயினும், கோயில் வாசலில் எரிந்த தீ கடைசியில் வயலுக்கே போய்ச் சேர்கிறது.

மாவலி சுற்றிய தெருக்கள்

பெரியவர்களுக்குச் சொக்கப்பனை என்றால் சிறுவர்களுக்கு மாவலி. ஆண் பனையின் காய்ந்த பூந்தண்டுகளைச் சேகரித்து, குழியிலிட்டு மூட்டத்தில் எரித்துக் கரியாக்குவர். அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவர். மூன்றாகப் பிளந்த பனைமட்டையின் நடுவே அதை வைத்து இறுக்கி, மேலே நீண்ட கயிறு பிணைப்பர். முனையில் நெருப்பை ஊதி ஏற்றித் தலைக்கு மேலே சுழற்றினால், பொன்துகளைத் தூவியதுபோல வட்ட வட்டமாகப் பொறி பறக்கும். ‘மாவலியோ மாவலி’ என்ற கூவல் தெருவெங்கும் கேட்கும். காசு கொடுத்து வாங்கும் பட்டாசு பரவுமுன், சிறுவர்கள் தம் கையாலேயே செய்துகொண்ட பூவாணம் இது.

மாவலி என்ற பெயர் மகாபலிச் சக்கரவர்த்தியை நினைவூட்டுவது. அவர் முற்பிறவிக் கதை நடந்த தலமும் இதே கடற்கரையில்தான் இருக்கிறது. திருமறைக்காடு என்னும் வேதாரண்யத்தில், அணையும் நிலையிலிருந்த திருவிளக்கின் நெய்யை உண்ண வந்த எலி ஒன்று, அறியாமல் மூக்கால் திரியைத் தூண்டிவிட்டது. சுடர் நிமிர்ந்தது. அந்த ஒரு செயலுக்காக, மறுபிறவியில் மூவுலகையும் ஆளும் பேற்றை இறைவன் அளித்தான். திருநாவுக்கரசர் தேவாரத்திலேயே போற்றப்படும் வரலாறு இது. நோக்கம் உணவாக இருந்தபோதும் செயல் விளக்கைக் காத்ததாக இருந்தால் இறைவன் ஏற்றுக்கொள்கிறான். விளையாட்டாக மாவலி சுற்றும் சிறுவனுக்கும் அந்த அருள் உரியதே.

இல்லத்து அகல்கள்

வீடுகளில் இவ்விழா ஒரு நாளோடு முடிவதில்லை. அண்ணாமலையார் தீப நாளையொட்டி முன்னும் பின்னுமாக மூன்று நாள் வாசலில் விளக்கு வைப்பர். கோலத்தின் நடுவே குத்துவிளக்கு, திண்ணையிலும் மாடத்திலும் அகல், கிணற்றடியிலும் துளசி மாடத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் ஒவ்வொன்று என்று எண்ணி வைப்பார்கள். நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு விளக்கு ஏற்றும் குடும்பங்களும் உண்டு. உழவர் வீடுகளில் எருக்குழிக்கும் ஒரு விளக்கு உண்டு. குப்பைக் கார்த்திகை என்றே அதற்குப் பெயர். வீட்டின் ஒளி பூசை அறையோடு நின்றுவிடாமல் குப்பை மேடு வரை போக வேண்டும் என்று விதித்தவர்கள் நுட்பமானவர்கள். அடுத்த போகத்து நெல்லுக்கு உரம் அங்கேதானே இருக்கிறது!

நிவேதனம் பொரி. நெற்பொரியையும் அவல்பொரியையும் தனித்தனியே வெல்லப்பாகில் இட்டு, தேங்காய்ப் பல்லும் ஏலமும் சேர்த்து உருண்டை பிடிப்பர். அடை, அப்பம் போன்றவையும் வீட்டு வழக்கத்துக்கேற்ப இடம்பெறும். சகோதரர் நலனுக்காகப் பெண்கள் நோன்பிருப்பதும், உடன்பிறந்தாளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கார்த்திகைச் சீர் வருவதும் பல குடும்பங்களில் வழக்கம். மணமாகிப் பல ஆண்டு கழிந்த சகோதரிக்கும் அந்தச் சீர், அளவில் சிறியதானாலும், பிறந்த வீட்டு விளக்கு இன்னும் தனக்காக எரிகிறது என்பதற்கு அடையாளம்.

மழைக்கும் இந்த விழாவுக்கும் ஓயாத போட்டி. டெல்டா கடற்கரையில் கார்த்திகை என்பது புயல் மாதமும் கூட. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னையும் பனையும் மின்கம்பமும் சாய்ந்தன. மின்சாரம் நாள்கணக்கில் வராத ஊர்கள் டெல்டாவில் பல. சரியாக ஒரு வாரம் கழித்து, 23ஆம் நாள், திருக்கார்த்திகை வந்தது. விளக்கின் பொருளை அந்த ஆண்டு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மின்விளக்கு இல்லாத தெருவில் ஓர் அகல் எவ்வளவு பெரிய வெளிச்சம் என்பதை இருளே சொல்லிற்று.

பனை இல்லையேல்

இவ்வளவு பெருமை உடைய விழாவுக்கு இன்று ஒரு கவலை உண்டு. பனை குறைந்து வருகிறது. செங்கல் சூளைக்கு விறகாகவும், மனைப் பிரிவுகளுக்கு இடையூறாகவும் வீழ்ந்த பனைகள் ஏராளம். நிற்கும் மரத்தில் ஏறி ஓலை கழிப்பார் அருகிவிட்டனர். ஏறுவாரின்றிக் கழிக்கப்படாத ஓலைகள் மரத்திலேயே காய்ந்து தொங்க, கீழே கோயில் வாசலில் சொக்கப்பனைக்கு ஓலை போதாமல் வைக்கோலும் தென்னங்கீற்றும் சேர்த்துக் கட்டும் நிலை பல இடங்களில் வந்துவிட்டது. மாவலி செய்யத் தெரிந்த கைகளும் அதே வேகத்தில் குறைந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் குறை விழாவோடு நிற்பதில்லை. அம்மையாரின் அந்தாதியும் மூவர் தேவாரமும் நம் கைக்கு வந்தது பனையோலை வழியாகவே. நள்ளாற்றுப் பதிக ஏட்டைத் தீ தீண்டவில்லை. ஆனால் தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த ஏடுகளைக் கரையான் தின்றது. இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்தபோது மீந்தது ஒரு பகுதியே. தீயில் பிழைத்தது கவனிப்பாரற்றபோது பிழைக்கவில்லை. பனைக்கும் இன்று அதே நிலை. ஆண்டுக்கொரு முறை கோயில் வாசலில் எரியும் தீ அதற்குப் பகை அல்ல. ஆண்டு முழுதும் அதை மறந்திருப்பதே பகை.

தமிழகத்தின் மாநில மரம் பனை. 1978 முதல் அந்தச் சிறப்பு அதற்கு உண்டு. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் மரம் வில்வம். ஒரு புறம் பனை, மறு புறம் வில்வம். இரண்டுமே சிவனடியார்க்கு இனியவை. திருவோத்தூரில் ஆண் பனைகளைக் குலை ஈனச் செய்து சம்பந்தர் அருளிய வரலாறு பனைக்கு உண்டு. ஆனால் இன்று நட்ட பனை கோயிலுக்கு ஓலை தரவும், ஆணா பெண்ணா என்று பூத்துக் காட்டவும் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். இன்று நடாதவர்க்குப் பேரன் காலத்தில் சொக்கப்பனை இல்லை.

கார்த்திகை விளக்கேற்றும்போது சொல்லப்படும் வடமொழிச் சுலோகம் ஒன்று உண்டு. புழுக்கள், பறவைகள், கொசுக்கள், மரங்கள், நீரிலும் நிலத்திலும் வாழும் எல்லா உயிர்களும், குலவேறுபாடு ஏதுமின்றி எல்லா மாந்தரும் இந்த ஒளியைக் கண்டு பிறவித் துன்பம் நீங்குக என்பது அதன் கருத்து. மரங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மரத்துக்காகவும் வேண்டிக்கொள்ளும் ஒரு விழாவுக்காக, பச்சையாக நிற்கும் பனையை வெட்டுவது எவ்வாறு பொருந்தும்? காற்றில் வீழ்ந்த மரத்தின் தண்டும், தாமாகக் காய்ந்த ஓலைகளுமே சொக்கப்பனைக்குப் போதுமானவை. பழைய வழக்கமும் அதுவே: காய்ந்ததை எரித்துப் பசுமையைக் காப்பது.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் கனிந்து விழும். அவ்விதைகளைக் கோயில் குளத்தின் கரையிலும், வாய்க்கால் மேட்டிலும், கடலோர மணல்மேட்டிலும் ஊன்றினால், அடுத்து வரும் மழையே அவற்றுக்கு நீர் வார்த்துவிடும். வேறு செலவோ காவலோ பெரிதாகத் தேவையில்லை. எரிக்கும் ஒவ்வொரு சொக்கப்பனைக்கும் ஈடாகச் சில விதைகளை ஊன்றுவது என்று ஊர்தோறும் உறுதி கொண்டால், அது சோழர் காலத்துச் சாவா மூவாப் பேராட்டுக்கு ஒப்பான கட்டளை ஆகும். முதல் குறையாது, ஒளியும் குன்றாது.

காணச் செல்வோர்க்கு

நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் காரைக்காலுக்குப் பேருந்துகள் உண்டு. திருக்கார்த்திகையன்று காலையில் திருநள்ளாற்றில் நளதீர்த்தமாடி, தர்ப்பாரண்யேசுவரரையும் போகமார்த்த பூண்முலையம்மையையும் சனி பகவானையும் தரிசிக்கலாம். சப்தவிடங்கத் தலங்களுள் ஒன்றான அங்கே நாகவிடங்கரையும் வணங்கிவிட்டு, திரும்பும் வழியில் தருமபுரம் யாழ்முரிநாதரைக் கண்டு, மாலைக்குள் காரைக்கால் நகரை அடையலாம். கைலாசநாதர் கோயிலும் அம்மையார் கோயிலும் அருகருகே உள்ளன. இருள் கவியும் நேரத்தில் சொக்கப்பனை ஏற்றப்படுவதால் சற்று முன்னதாகவே இடம் பார்த்து நிற்பது நலம். பொறி பறக்கும் என்பதால் குழந்தைகளுக்குப் பருத்தி ஆடையே உகந்தது. காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக நிற்க வேண்டும். கார்த்திகை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை, ஆதலால் குடையும் கையில் இருக்கட்டும்.

நெருப்பு ஓங்கி எரியும் அந்தச் சில நிமிடங்களில் மூர்த்திகளின் திருமுகத்திலும் கூடியிருப்போர் முகத்திலும் ஒரே செம்மை படரும். திருக்கையால் தீ சிவந்ததா, தீயால் திருக்கை சிவந்ததா என்று அம்மையார் கேட்டதன் பொருள் அப்போது ஓரளவு விளங்கும். விடை தேட வேண்டியதில்லை. கை கூப்பினால் போதும். வீடு திரும்பியபின் வாசல் அகலில் எண்ணெய் குறைந்திருந்தால் ஒரு கரண்டி வார்த்து, திரியைச் சற்றே தூண்டி விடுங்கள். திருமறைக்காட்டு எலிக்கு அருளியவன் அதையும் கணக்கில் வைத்துக்கொள்வான்.